அறுபது காத்தி சர்க்கரை

அந்த நாளில் பினாங்கில் பிள்ளை பெறுவதுகூட எப்படியோ நடந்துவிடும். பெற்றவள் மறுபடி பெறாதவளைப் போல ஆவதற்குத்தான் ஒரு சபை தேவைப்பட்டது. மாதர் மேனி மீட்புச் சபை என்று அதற்குப் பெயர். ஜார்ஜ் டவுனில் பெரிய துரைகளின் மனைவிமார் மாலை வேளையில் பொழுது போகாமல் தவிப்பதைக் கண்டு இரக்கப்பட்டு யாரோ அதைத் தொடங்கி வைத்தார்களாம். அதற்கு முன்னால் அவர்கள் நாய்களுக்காக ஒரு சபை வைத்திருந்தார்கள். நாய்கள் சொன்ன பேச்சைக் கேட்காததால் அது கலைந்துவிட்டது.

கடலைப் பார்த்த ஒரு பெரிய பங்களாவில் சபை இருந்தது. முன் கூடத்தின் நடுவில் லண்டனிலிருந்து கப்பலில் வந்த எடை இயந்திரம் நின்றது. பித்தளை முள், வெல்வெட் விரித்த மேடை, மேலே கண்ணாடி மூடி. கூட்டம் தொடங்கும்போது முதலில் அரசருக்கு வணக்கம், அடுத்து இயந்திரத்துக்கு வணக்கம். அதற்கு யாரும் முதுகைக் காட்டக் கூடாது. நிறுத்து இறங்கியவர்கள் முகம் அதன் பக்கமே இருக்க, பின்னால் பின்னால் நடந்து வாசல் வரை போக வேண்டும். வாசற்படியில் தடுக்கி விழுந்தவர்கள் உண்டு. விழும்போதும் முகம் இயந்திரத்தின் பக்கம் இருந்தால் சபை ஒன்றும் சொல்லாது.

இந்தச் சபையின் கையில் ஹமீதா அகப்பட்டதற்குக் காரணம் அவள் பிழைத்ததுதான்.

அவள் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தாள். அவள் கணவன் ஜபருல்லா, அவளுடைய மாமன் மகன், தோளில் தடி வைத்து ஒரு பக்கக் கூடையில் சோறும் மறு பக்கக் கூடையில் மீன் குழம்புமாகச் சுமந்து போய்த் துறைமுகத்துக் கூலிகளுக்கு விற்பவன். தலைப்பிரசவத்தில் பிள்ளை குறுக்கே கிடந்தது. கை வைத்துப் பார்த்த மருத்துவச்சிகள் கையை உதறிவிட்டு எழுந்து போனார்கள். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். அந்த நாளில் அப்படிக் கீறப்பட்டவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்து கதை சொன்னதில்லை. ஹமீதா கண்ணைத் திறந்து, "புள்ள எங்க?" என்று கேட்டாள். வார்டே கூடிவிட்டது.

கீறியவர் ஒரு சீன டாக்டர், இளவயதுக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. இருவருக்கும் பொதுவாகக் கொஞ்சம் மலாய் இருந்தது. நன்றாகச் சாப்பிடு, பிள்ளைக்குப் பால் கொடு, வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நட, பிள்ளையைத் தவிர வேறு எதையும் தூக்காதே, வயிற்றை இறுக்கிக் கட்டாதே என்றார். உடம்பு ஊதியிருக்கிறதே என்று அவள் வெட்கப்பட்டபோது சிரித்தார். ஒன்பது மாதம் ஏறியது ஒரு மாதத்தில் இறங்காது, அதுவாக இறங்கும், "பெலான் பெலான்" என்றார். மெல்ல மெல்ல என்று அர்த்தம். ஹமீதாவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கும்போது அதையே பாட்டாகச் சொன்னாள்.

அந்த வாரமே டாக்டருக்குக் கெடா மாநிலத்து அலோர் ஸ்டாருக்கு மாற்றல் வந்தது. அவர் சொன்ன வைத்தியமும் அவரோடு மாற்றலாகிப் போயிற்று.

அவர் போன அன்று சபையின் காரியதரிசி பெர்னார்ட் கட்டிலருகே வந்து நின்றார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, வாயில் எப்போதும் கிராம்பு. துரைசானிகள் பேசுவதைத் தமிழாக்கிச் சொல்வது அவர் வேலை. மொழிபெயர்க்கும்போது மேடைத் தமிழ் வரும், சொந்தமாகப் பேசும்போது சாதாரணத் தமிழ் வரும். தான் என்ன நினைக்கிறார் என்பது இரண்டிலும் வராது.

"பாய், உங்க சம்சாரத்துக்குப் பெரிய அதிர்ஷ்டம் லா," என்றார் ஜபருல்லாவிடம். "வயித்தக் கீறினவங்கள்ல பொழச்சது இவங்க ஒருத்தங்கதான். அதனால சபை இவங்கள எடுத்துக்கிருச்சு."

"எடுத்துக்கிருச்சுன்னா?" என்றாள் ஹமீதா.

"முன்ன எப்படி இருந்தீங்களோ அப்படியே ஆக்கித் திருப்பிக் குடுத்துரும் அக்கா. ஒரு காசு செலவில்ல."

பங்களாவுக்கு ரிக்‌ஷாவில் தாய், பிள்ளை, ஜபருல்லா மூவரையும் கூட்டிப் போனார்கள். சபைத் தலைவி துரைசானி நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் சபையின் ஆலோசகர் டாக்டர் விட்கோம்ப். அவர் பல் டாக்டர். ஆனால் உடம்பில் பல்லும் ஓர் அங்கம் என்பதால் மற்ற அங்கங்களைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது. அவர் எழுந்து நின்று பேச, பெர்னார்ட் தமிழாக்கினார்.

"பெண்ணே! ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பொருளை எடுத்துவிட்டு மூடுகிறோம். பெட்டி முன்னைவிட லேசாக இருக்க வேண்டுமா, வேண்டாமா? உன் பெட்டியிலிருந்து பொருள் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் நீ பாரமாகவே இருக்கிறாய். இது விஞ்ஞானத்தை அவமதிப்பதாகும். உன்மேல் எமக்குக் கோபம் இல்லை. ஆச்சரியம்தான்."

தலைவி கைதட்டினார். பிறகு கேள்வி வந்தது. கர்ப்பத்துக்கு முன்னால் ஹமீதாவின் எடை என்ன?

ஹமீதா விழித்தாள். "என்ன யாரு நிறுத்தா? நான் என்ன அரிசி மூட்டையா?"

பேச்சு அத்தோடு நின்றிருக்கலாம், சபையும் அத்தோடு திகைத்துப்போய் விட்டிருக்கும். ஆனால் ஜபருல்லாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இவ்வளவு பெரிய பங்களாவில், இவ்வளவு பெரியவர்கள் முன்னால், தன் மனைவி எடையில்லாதவள் என்று ஆகிவிடுமோ என்று அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இல்லீங்க, நிறுத்திருக்கு," என்றான். "இவ சின்னதுல அம்மை கண்டு கெடந்தா. பொழச்சா தர்காவுல எடைக்கு எடை சக்கரை போடுறதா எங்க மாமு நேந்துக்கிட்டாரு. பொழச்சா. ஒரு தட்டுல இவள ஒக்கார வச்சு, மறு தட்டுல சக்கரை கொட்டுனாங்க. நான் பக்கத்துல நின்னேன். அறுபது காத்தி! ஊரே சக்கரை தின்னுச்சு."

அறுபது காத்தி என்பது ஒரு கூலி தோளில் தூக்கும் மூட்டையில் பாதிக்குச் சற்று மேல். அப்போது ஹமீதாவுக்குப் பன்னிரண்டு வயது. அம்மையில் உரித்த கோழியாகக் கிடந்து எழுந்தவள்.

பெர்னார்ட் மொழிபெயர்த்தார். டாக்டர் விட்கோம்பின் முகம் மலர்ந்தது. நல்ல தராசில், சாட்சிகள் முன்னிலையில், சர்க்கரையால் நிறுவப்பட்ட எடை! இவ்வளவு தெளிவான ஆதாரம் வெள்ளைக்காரப் பெண்களிடம்கூடக் கிடைத்ததில்லையாம்.

"அது சின்னப் புள்ளையா இருந்தப்ப," என்றாள் ஹமீதா. "இப்ப நான் பெரிய மனுசி."

பெர்னார்ட் அதையும் சொன்னார். தலைவி அன்போடு தலையசைத்தார். "மீட்பு என்றால் பழைய நிலைக்குத் திரும்புதல். எவ்வளவு பழைய நிலையோ அவ்வளவு நல்லது."

அறுபது காத்தி வரும் வரை பிள்ளை மாடியில் சபையின் தொட்டில் அறையில் இருக்கும் என்று தீர்மானமாயிற்று. பாரமான தாயின் கையில் பிள்ளை பத்திரமாக இராது என்பது சபையின் கொள்கை. பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, முடி இறக்கவில்லை, ஏழாம் நாள் சடங்கு தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது என்று ஹமீதா அழுதாள். பெயர்க் கவலை வேண்டாம் என்று சபை ஊரின் பெயரையே தற்காலிகமாக வைத்து, பிள்ளையை ஜார்ஜ் என்று கூப்பிடத் தொடங்கியது.

அந்தப் பங்களாவிலிருந்து வெறுங்கையோடு இறங்கும்போது அவளுக்கு வயிறு இரண்டாம் தடவை கீறப்பட்டது போல இருந்தது. முதல் தடவையாவது மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள்.

மீட்பு தொடங்கியது. காலையில் பார்லித் தண்ணீர், மதியம் அதே பார்லியின் இரண்டாம் தண்ணீர், மாலையில் பார்லியைப் பற்றி ஒரு பிரசங்கம். மீன் வாசனைகூட எடை ஏற்றும் என்று டாக்டர் விட்கோம்ப் கருதியதால் ஜபருல்லா விற்றுவிட்டு வந்து குளித்த பிறகே வீட்டுக்குள் நுழைய வேண்டும். நோன்பு என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்ட தலைவி பூரித்துப் போனார். உங்கள் மதத்திலேயே இதற்கு ஏற்பாடு இருக்கிறதே என்றார். பிள்ளை பெற்றவளுக்கும் நோயாளிக்கும் நோன்பு கடமையில்லை என்று ஹமீதா சொன்னாள். இறைவன் விதிவிலக்குக் கொடுக்கலாம், சபை கொடுப்பதில்லை என்று பதில் வந்தது.

வாரம் தவறாமல் நிறுத்தார்கள். முள் மெதுவாகத்தான் இறங்கியது. ஏன் என்று ஆராய்ந்த டாக்டர் விட்கோம்ப் ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டார். அவள் மார்பில் பால் இருக்கிறது. பாலுக்கு எடை உண்டு.

"உனக்குச் சொந்தமில்லாத பாரத்தை நீ சுமந்து வந்து மேடையில் நிற்கிறாய்," என்று பெர்னார்டின் வாய் வழியாக அவர் குற்றம் சாட்டினார்.

"புள்ளையக் குடுத்தா எறங்கிரும்," என்றாள் ஹமீதா. "பால் குடுத்தா ஒடம்பும் தன்னால எறங்கும்னு அந்த டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"கீறின டாக்டரு."

"அவர் இப்போது கெடா மாநிலத்தைச் சேர்ந்தவர். அவருடைய அபிப்பிராயம் இங்கே செல்லாது."

மார்பை இறுக்கித் துணி கட்டிப் பாலை வற்ற வைக்க ஆணையாயிற்று. தொட்டில் அறை ஆயா ஜெயலெட்சுமிதான் கட்டினாள். நிபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள், சொன்ன வேலையைச் செய்து பிழைப்பவள். முடிச்சுப் போட்டுக்கொண்டே, "என்னாக்கா செய்ய, நானும் சம்பளத்துக்கு நிக்கிறவதானே," என்றாள். மாடியில் பிள்ளை அழுதது. அழுகைச் சத்தம் கேட்டதும் துணி நனைந்தது. ஜெயலெட்சுமி வேறு துணி எடுத்து, இன்னும் இறுக்கிக் கட்டினாள். சுரந்த பாலைப் பெற்ற பிள்ளைக்கு எட்டாமல் துணியில் வடியவிட்ட அந்த அறையில் நல்ல காற்றோட்டம் இருந்ததென்று சபையின் ஆண்டறிக்கை பெருமைப்பட்டது.

அடுத்து கச்சை வந்தது. தோலும் எஃகுத் தகடும் வைத்துத் தைத்தது. அறுபது காத்திப் பெண்ணுக்கு அளவெடுத்து வரவழைத்ததால் ஹமீதாவுக்குச் சேரவில்லை. கச்சை தவறாக இருக்க முடியாது, அது லண்டனிலிருந்து வந்தது. ஆகவே நான்கு துரைசானிகள் இரண்டு பக்கமும் நின்று வாரை இழுத்தார்கள். தையல் போட்ட இடத்தில் தகடு பதிந்தது.

"வலிக்குது, புண்ணு இன்னும் ஆறல," என்றாள் ஹமீதா.

"வலி என்பது எடை வெளியேறும் ஓசை," என்றார் தலைவி. இந்த வாக்கியம் அவருக்கே மிகவும் பிடித்துப்போய், சபையின் சுவரில் எழுதி மாட்டப்பட்டது.

வீட்டுக்கு வந்து கச்சையைக் கழற்றியபோது தையலோரத்தில் நீர் கசிந்திருந்தது. ஜபருல்லா அதைப் பார்த்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் தோளில் தடி பதிந்த காய்ப்பு இருக்கும். சுமை என்றால் என்ன என்று தெரிந்தவன்தான். ஆனாலும் வாயைத் திறந்து, "இன்னும் கொஞ்சந்தான் ஹமீதா, புள்ள வந்துரும்," என்றான்.

"ஒங்க வாயால வந்துச்சு மச்சான்," என்றாள் அவள். "சக்கரை தின்ன வாயி." சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாகப் போயிற்று. அவன் அன்று சோறு சாப்பிடவில்லை. அதனால் அவனுக்குத்தான் எடை குறைந்தது.

மாடி ஜன்னல் ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். நிறுக்கப் போகும் நாளில் ஜெயலெட்சுமி பிள்ளையைத் தூக்கி ஜன்னல் கம்பியருகே காட்டுவாள். தலை நிறையக் கறுகறுவென்று முடி. இறக்காத முடி கண்ணுக்கு மேல் விழுந்து கிடந்தது. டின் பால் குடித்து முகம் வெளுத்திருந்தது. ஹமீதா முற்றத்தில் நின்று, "பெலான் பெலான்" என்று முணுமுணுப்பாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அது கேட்காது. பிள்ளை தன்னைப் பார்க்காமல் ஜெயலெட்சுமியின் முகத்தையே பார்ப்பதை அவள் கவனித்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்த வாரம் முழுவதும் பார்லித் தண்ணீர்கூட அவளுக்கு இறங்கவில்லை. முள் நன்றாக இறங்கியது. சபை பாராட்டியது.

பிறகு மலையேற்றம். நடை நல்லது என்று ஒரு துரைசானி எங்கோ படித்துவிட்டார். நடை நல்லதென்றால் ஏறுவது அதைவிட நல்லது, ஏறுவதற்குப் பினாங்கில் மலை இருக்கிறது. துரைசானிமார் மலை ரயிலில் ஏறிப் போனார்கள். ஹமீதா கச்சையோடு மலைப்பாதையில் நடந்தாள். உச்சியிலேயே நிறுத்துப் பார்ப்பதற்காக எடை இயந்திரத்தை நான்கு கூலிகள் கழியில் கட்டி, முதுகு காட்டக் கூடாது என்பதால் முன்னால் போகும் இருவரும் பின்புறமாக நடந்தபடி, அதே பாதையில் தூக்கி வந்தார்கள். அவர்கள் வியர்த்து ஊற்றி ஆளுக்கு இரண்டு காத்தியாவது இளைத்திருப்பார்கள். சபையில் சேராதவர்கள் என்பதால் அது கணக்கில் வரவில்லை.

உச்சியில் அவளை மேடையேற்றினார்கள். முள் இறங்கவில்லை. ஏறியிருந்தது.

கூட்டம் அதிர்ந்தது. வழியில் எதையோ தின்றிருக்கிறாள் என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பல் டாக்டர் என்பதால் இந்த ஒரு சோதனையை மட்டும் டாக்டர் விட்கோம்ப் திறமையாகச் செய்தார். ஒன்றும் இல்லை. ஹமீதா சேலையைக் கணுக்காலுக்கு மேல் சற்று உயர்த்தினாள். இடது கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. தொட்ட விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது.

டாக்டர் விட்கோம்ப் குனிந்து பார்த்து நிமிர்ந்தார். "எடையை இவள் வயிற்றிலிருந்து காலுக்கு மாற்றி ஒளித்து வைத்திருக்கிறாள்," என்றார். பெர்னார்ட் அதைத் தமிழாக்குவதற்கு முன்னால் ஒரு கணம் வாயிலிருந்த கிராம்பைக் கடித்தார். பிறகு தமிழாக்கினார்.

அவள் வீடு திரும்பியதும் அந்த வீக்கத்தைப் பார்த்த பிறகுதான் ஜபருல்லா துணிந்தான். கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நேராகத் தர்காவுக்கு ஓடினான். ஹமீதாவின் சின்ன வயதில் அவளைச் சர்க்கரைக்கு நிறுத்த லெப்பை, தர்காவில் ஓதுகிறவர், இன்னும் இருந்தார். அவரைக் கையைப் பிடித்துச் சபைக்குக் கூட்டி வந்தான். லெப்பை கூடத்தில் நின்று கணீரென்று சொன்னார்: "நான் நிறுத்தது பெரிய மனுசிய இல்ல. நோயில கெடந்த பச்சப் புள்ளைய. அந்த எடைக்கு ஒரு பொம்பளையக் கொண்டு வந்தா அவ மையத்துதான்." மையத்து என்றால் பிணம்.

தலைவி மிகுந்த மரியாதையோடு கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து நின்று, கையை நெஞ்சில் வைத்துப் பதில் சொன்னார். பெர்னார்டின் மேடைத் தமிழ் அன்று உச்சத்தில் இருந்தது.

"மதிப்புக்குரிய பெரியவரே! இந்த நாட்டு மக்களின் மதத்தில் தலையிடுவதில்லை என்பது எம்முடைய அரசாங்கத்தின் கொள்கை, சபையின் கொள்கையும் அதுவே. புனிதமான ஓரிடத்தில் புனிதமான ஒருவர் நிறுத்த எடையை நாம் எவ்வாறு தவறென்று சொல்வோம்? அறுபது காத்தியைக் கூட்டவோ குறைக்கவோ எமக்கு உரிமையில்லை. அந்த அளவுக்கு நாங்கள் உங்களை மதிக்கிறோம்."

லெப்பை ஜபருல்லாவைப் பார்த்தார். ஜபருல்லா தரையைப் பார்த்தான். இருவரும் பின்னால் பின்னால் நடந்து வெளியேறினார்கள். தெருவில் ஜபருல்லா மேலே பார்த்து, தாயும் பிள்ளையும் உயிரோடு வீடு வந்து சேர்ந்தால் இருவர் எடைக்கும் சர்க்கரை போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆண்டு விழா வந்தது. கொடியும் தோரணமும் பேண்டு வாத்தியமும். ஹமீதாவின் கால் வீக்கம் வடிந்திருந்தது. அதோடு மற்றதெல்லாமும் வடிந்திருந்தது. கன்னம் ஒட்டி, வளையல் முழங்கைக்கு ஏறி, நின்றால் உடம்பு தானாக ஆடியது. புண் ஒரு பக்கம் வாய் திறந்து காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. மேடைக்கு ஒரு பக்கம் ஜெயலெட்சுமி பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்குத் தொப்பி போட்டிருந்தார்கள். ஹமீதாவின் கண் அதை விட்டு நகரவில்லை.

மேடையில் ஏற்றினார்கள். முள் ஆடியது, நின்றது. அறுபதுக்கு இன்னும் மயிரிழை மேலே நின்றது.

கூட்டத்தில் ஐயோ என்ற சத்தம். காலணியைக் கழற்றினார்கள். வளையலைக் கழற்றினார்கள். காதில் வரிசையாகக் கிடந்த அலுக்கத்துகளைக் கழற்றினார்கள். முள் நெருங்கியது, சேரவில்லை. பேண்டு வாத்தியம் நின்றுவிட்டது. தலைவியின் முகத்தில் வேர்வை அரும்பியது. நாய்ச் சபை கலைந்த நாள் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

டாக்டர் விட்கோம்ப் முக்காட்டைக் காட்டினார். அதற்குள்ளே முடி இருக்கும். முடிக்கும் எடை உண்டு.

"என் முடியவா?" என்றாள் ஹமீதா. மூச்சு வாங்கியது. "முடி எறக்க வேண்டியது என் புள்ளைக்கு. எனக்கு இல்ல."

"ஒரு நிமிசந்தான் அக்கா," என்றார் பெர்னார்ட். இது மொழிபெயர்ப்பு இல்லை. "சரின்னு சொல்லிருங்க. புள்ள கையில வந்துரும்."

அவள் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்தாள்.

மதத்தை மதிக்கும் சபை என்பதால் இயந்திரத்தைச் சுற்றித் திரை கட்டினார்கள். திரைக்கு வெளியே கனவான்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உள்ளே கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. நிக்காஹ் அன்று பூ வைத்துப் பின்னி முடிக்கவே பெண்களுக்கு அரை நாள் ஆன முடி. அது தரையில் விழுந்தது. முள் அறுபதில் வந்து நின்றது.

பேண்டு வாத்தியம் முழங்கியது. டாக்டர் விட்கோம்ப் நாத்தழுதழுக்கப் பேசினார். "ஒரு தாய் இன்று இறந்தகாலத்தை வென்றாள்! பிரசவம் என்ற ஒன்று இவளுக்கு நடந்ததற்கான அடையாளமே இல்லை! இனி இந்த ஊரில் பிள்ளை பெறும் ஒவ்வொருத்திக்கும் அறுபது காத்தியே அளவாக இருக்கும் என்று சபை அறிவிக்கிறது." கைதட்டலுக்கு நடுவே ஜெயலெட்சுமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஹமீதா கை நீட்டினாள். பிள்ளையின் பாரத்தைக் கை தாங்கவில்லை. ஜபருல்லா ஓடிவந்து அடியில் தாங்கிக்கொண்டான். துரைசானிமார் அதைப் பாசமென்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பிள்ளையைத் தர்காவுக்குக் கொண்டு போனார்கள். கமால் என்று பெயர் வைத்து முடி இறக்கினார்கள். மழித்த தலையோடு அவன் வீறிட்டு அழுதான். பக்கத்தில் முக்காட்டை இழுத்து இழுத்து மூடியபடி ஹமீதா உட்கார்ந்திருந்தாள்.

நேர்ச்சைச் சர்க்கரையைப் பிள்ளையின் எடைக்குச் சின்னத் தராசில் நிறுத்து முடித்து, தாயின் எடைக்குப் பெரிய தராசைத் தொங்கவிட்டார்கள். அதைக் கண்டதும் ஹமீதா எழுந்து, முகம் தராசின் பக்கமே இருக்க, பின்னால் பின்னால் நகர்ந்து சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றாள். ஜபருல்லாதான் கையைப் பிடித்து, "இது அது இல்ல ஹமீதா, இது நம்ம தராசு," என்று அழைத்து வந்து தட்டில் உட்கார வைத்தான்.

லெப்பை மறு தட்டில் சர்க்கரையைக் கொட்டினார். கொட்டக் கொட்டக் கண்ணால் எடையைக் கணித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். இரண்டு தட்டும் சமமாக நின்றன. அவருக்குத் தெரிந்த எடை. மாறாமல் அதே எடை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், முக்காட்டின் ஓரத்தில் தெரிந்த கத்தரித்த முடியைப் பார்த்தார்.

"போன தடவ அம்மையில கெடந்து எந்திரிச்ச," என்றார் மெல்ல. "இந்தத் தடவ என்னாம்மா சீக்கு?"

ஹமீதா யோசித்தாள். கச்சையைச் சொல்வதா, மலையைச் சொல்வதா, வற்ற வைத்த பாலைச் சொல்வதா?

"சீக்கு ஒண்ணும் இல்ல லெப்பே," என்றாள். "புள்ளையப் பெத்துட்டுப் பொழச்சுக்கிட்டேன். அவ்வளவுதான்."

பிள்ளை அழுதுகொண்டே இருந்தான். தட்டிலிருந்து இறங்கியவள் அவனை மடியில் வாங்கி, பழக்கத்தில் மார்போடு அணைத்தாள். அவன் முகத்தை அங்கும் இங்கும் திருப்பித் தேடினான். ஒன்றும் இல்லை. இன்னும் பலமாக அழுதான். அவளும் அழுதாள், கூச்சமில்லாமல், எல்லார் முன்னாலும்.

ஜபருல்லா எதிர்த் தட்டில் குவிந்திருந்த சர்க்கரையில் ஒரு சிட்டிகை எடுத்தான். விரலை நனைத்துத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தான். பிள்ளை அழுகையை நிறுத்தினான். தன் உம்மாவின் எடையிலிருந்து கிடைத்த அந்தச் சிட்டிகையை அவன் கண்ணை மூடிக்கொண்டு சப்பினான். அன்றைக்கு அவளிடமிருந்து அவனுக்குக் கிடைத்தது அது மட்டுந்தான்.